திரை தாண்டாத கண்ணாடி

கடையின் பின்பக்கம், கறுப்புத் திரைக்கு அந்தப்புறம், பத்தடி நீளத்துக்கு ஓர் இருட்டு. அதுதான் கண் சோதிக்கும் அறை. உயரமான ஒரு நாற்காலி, அதன் தலைக்கு மேல் விளக்கு வைத்த எழுத்துப் பலகை, எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. பலகையில் எழுத்துகள் இடவலம் மாறி அச்சாகியிருக்கும்; நிலைக்கண்ணாடியில் பார்த்தால் நேராகிவிடும். பத்தடி அறை இருபதடி ஆனது இப்படித்தான். வாடகை மட்டும் பத்தடிக்குத்தான். தன் ஆயுளில் படிந்த பேரங்களிலேயே இதுதான் பெரிய பேரம் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

முதலாளிக்குத் தெருவில் தள்ளுபடியார் என்று பெயர். எந்தப் பிரேமை எடுத்தாலும் முதலில் ஒரு விலை சொல்லி, பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காக மட்டும்" என்று ஒரு விலை சொல்லுவார். அந்த 'உங்களுக்காக மட்டும்' விலைதான் எல்லோருக்கும். கடைசி விலை என்பதை மூன்று முறை சொல்லாமல் அவர் எதையும் விற்றதில்லை.

இருட்டுக்குள் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள் நம்பரம்மா. யார் கண்ணுக்கு எந்த நம்பர் என்று கண்டுபிடித்துச் சீட்டில் எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர். வயது நாற்பத்தொன்று. குரல் மட்டும் எந்த வயதிலும் சேராத குரல். இருட்டில் பேசிப் பேசி, பாதி தூக்கத்தில் இருக்கிறவரை எழுப்பாமல் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி ஆகிவிட்டது.

வேலை இதுதான். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் சோதனைக் கண்ணாடியை மாட்டுவாள். அது வட்டமாக, கனமாக, இரண்டு பக்கமும் திருகாணிகளோடு, பழைய கடிகாரத்தின் குடலை எடுத்து முகத்தில் வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, எடுத்து, திருப்பிக் கேட்பாள்.

"ஒண்ணாவதா, ரெண்டாவதா? இது தெளிவா, இல்ல இதுவா?"

ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது கேட்டுவிடுவாள். முதல் ஐந்து நிமிடம் வந்தவர் பரீட்சை எழுதுகிற மாதிரி பயப்படுவார். பிறகு இருட்டு அவரைத் தாலாட்ட ஆரம்பிக்கும். தோள் இறங்கும், மூச்சு நீளும். "ரெண்டாவது" என்பதற்கும் "ஒண்ணாவது" என்பதற்கும் நடுவில், மகன் பேசுவதில்லை என்றும், வீட்டை விற்கப்போவதாகவும், பாடக் கற்றுக்கொள்ள ஆசையாக இருந்ததாகவும் சொல்லிவிடுவார்கள். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத மங்கலில், தண்ணீருக்கு அடியில் பேசுவது போலப் பேசுவார்கள். கடைசியில் ஒரு இடம் வரும். அவள் லென்ஸைத் திருப்புவாள், அவர் தயங்குவார், ஏதோ தப்பு செய்துவிட்ட குரலில் சொல்வார்: "மன்னிச்சுக்கங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அதற்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒன்றுபோல் தெரிகிற இடத்தில்தான் அளவு முடிகிறது. சீட்டில் எழுதுவாள். விளக்கைப் போடுவாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சொன்னதையெல்லாம் இருட்டிலேயே விட்டுவிட்டுத் திரையை விலக்கிப் போய்விடுவார்.

போனவர் போனவர்தான். கண்ணாடி தயாராக நாலு நாள் ஆகும். நாலாம் நாள் அவர் வரும்போது நம்பரம்மா அடுத்தவர் மூக்கில் லென்ஸ் போட்டுக்கொண்டிருப்பாள். முன்பக்கம் கவுண்டரில் தள்ளுபடியார் தன் கையாலேயே கண்ணாடியை மாட்டிவிட்டு, "வாசல்ல போய் நின்னு பாருங்க" என்பார். காலடிச் சத்தம் நாலு கேட்கும். பிறகு ஒரு மௌனம். திரைக்குப் பின்னால் இருந்து அவள் கேட்டதெல்லாம் அந்த மௌனத்தைத்தான். சில சமயம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரும். "மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கே" என்று ஒருவர் சொன்னார். "நம்ம தெரு இவ்வளவு அழுக்கா" என்றார் இன்னொருவர். சொன்ன முகத்தை அவள் பார்த்ததில்லை. பதினேழு வருடம் சமையலறையில் நின்றவள், ஒருவர் சாப்பிடுவதைக்கூடப் பார்த்ததில்லை என்கிற மாதிரி.

அப்படியானால் சோதனைக் கண்ணாடியோடேயே ஆளை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டலாமே என்று கேட்கலாம். அவளும் ஒரு காலத்தில் ஆளை மட்டும் வாசலுக்கு அனுப்பிப் பார்த்தாள்; அடுத்தவர் காத்திருப்பார் என்று தான் இருட்டைவிட்டு வரமாட்டாள். ஒரு நாள் ஒருவர், மூக்கில் சோதனைக் கண்ணாடியோடு வாசலுக்குப் போனவர், தெரு தெளிவாகத் தெரிந்த சந்தோஷத்தில் வந்த பேருந்தின் எண்ணையும் படித்துவிட்டார். தன் பேருந்து என்று தெரிந்ததும் ஏறியும் போய்விட்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார், அதே திருகாணிகளோடு. "இதுவே நல்லாத்தான் இருக்கு, இதையே குடுத்துடுங்க" என்றார். அன்று தள்ளுபடியார் கைப்பட எழுதித் திரையில் குத்திவைத்த அட்டை இன்னும் இருக்கிறது: சோதனைக் கண்ணாடி இந்தத் திரையைத் தாண்டக் கூடாது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் இருட்டை விட்டு வெளியே வந்து வாசல்படியில் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்போது தெருவிளக்குகளுக்கெல்லாம் இதழ் முளைத்திருக்கும். போகிற வண்டிகள் சிவப்புக் கோடுகளை இழுத்துக்கொண்டு போகும். எதிர்க்கடைத் தையற்காரர் அவளைப் பார்த்துச் சிரிப்பார், அவளும் சிரிப்பாள். தெருமுனையில் லென்ஸ் கம்பெனியின் ஆறு மாடிக் கட்டடம். ராத்திரியின் விளிம்பில் யாரோ தேனைக் குவித்து வைத்த மாதிரி, ஜன்னல் வெளிச்சமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வழிந்துகொண்டிருக்கும். அவளுக்கு அது பிடிக்கும். நாள் முழுக்க இருட்டில் இருந்த கண்ணுக்கு இது கூலி என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தத் தேன் குவியலுக்குள்தான் அவளுடைய தங்கை வேலை பார்த்தாள், வரவேற்பு மேசையில்.

"அக்கா, ஆறாவது மாடி. புதுசா கடை வைக்கிறவங்களுக்குக் கண்ணு சோதிக்கச் சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான். ஒரு சுவர் பூரா ஜன்னல். உன் சம்பளம் மாதிரி ஒண்ணரை மடங்கு. நீ பாட்டுக்கு எலி மாதிரி இருட்டுல உக்காந்திருக்கே."

"எலிக்கு யாரும் விடுமுறை குடுக்கிறதில்லை. எனக்கு ஞாயித்துக்கிழமை உண்டு."

"விளையாடாதே. இந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உன்னைக் கூப்பிடுவாங்க. சரின்னு ஒரு வார்த்தை. அதுக்கு முன்னாடி ஒரு உடல் சோதனை, அது சும்மா சம்பிரதாயம்."

நேர்காணலெல்லாம் முன்பே முடிந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, பல் வலி என்று தள்ளுபடியாரிடம் சொல்லிவிட்டுப் போய்வந்தாள். பொய் சொன்ன பாவம், சாயங்காலம் அவர் கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கனவு. ஆறாவது மாடியில், சுவர் முழுக்க வெளிச்சமாக இருக்கிற அறையில், அவள் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறாள். கீழே தெரு ஓடுகிறது. எதுவும் கேட்கவில்லை. யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. கனவில் அவள் கைகள் மட்டும் இல்லாத லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருந்தன.

கணவரிடம் சொன்னாள். அவர் மின்தூக்கி பழுதுபார்க்கிறவர்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"என்கிட்ட மேல போறதைப் பத்திக் கேக்கிறியே. நான் தினமும் இருபது மாடி மேல போறேன். சாயங்காலம் பாத்தா தரையிலதான் நிக்கிறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"போகணும்னா போ. ஆனா சந்தோஷமாப் போற மாதிரி ஒரு முகம் வச்சுக்கோ. இப்ப இருக்கிற முகத்தைப் பாத்தா, ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஆள் மாதிரி இருக்கு. உள்ள இருந்து மணியை அடிப்பாங்களே, அந்த முகம்."

புதன்கிழமை கம்பெனி சொன்ன மருத்துவமனைக்குப் போனாள். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு செவிலி அவளைத் தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, விளக்கை அணைத்தாள். எதிர்ச்சுவரில் வெள்ளையாக ஒரு பலகை எரிந்தது.

"கீழ இருந்து மேல சொல்லுங்க மேடம்."

இருட்டும் வெள்ளைப் பலகையும். நம்பரம்மாவுக்கு உடம்பு தானாகத் தளர்ந்தது, தன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. வாய் தன் வேலையைத் தொடங்கியது.

"ட, ப, ம, ய, வ. மேல் வரி, ர, ட, ல, ப, ந. அதுக்கு மேல, ய, வ, ம…"

"மேடம்."

"…ட, ர."

"மேடம், கொஞ்சம் நிறுத்துங்க." செவிலி விளக்கைப் போட்டாள். "இந்தப் பலகையில எழுத்தே கிடையாது. எல்லாம் வளையம். ஒவ்வொரு வளையத்தோட வாயும் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு கை காட்டணும்."

நம்பரம்மா பார்த்தாள். மேலே இருந்த பெரிய வளையம் வளையம்தான். அடுத்தடுத்த வரிகளும் பரவாயில்லை. கீழ் மூன்று வரியும், யாரோ ஈர விரலால் தேய்த்துவிட்ட மாதிரி, சாம்பல் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று செவிலி கேட்டாள்.

அவள் சொன்னாள். செவிலி நல்ல பெண். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு கண்ணுக்கும் கண்ணாடி வேணும் மேடம். நம்பர் எழுதின சீட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து காட்டுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். உங்களுக்குத் தெரிஞ்ச கடை இருக்கும்ல?"

வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் அவள் தெருவிளக்குகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் இதழ். களைப்பென்று நினைத்திருந்தாள். எத்தனை வருடமாக அந்தப் பலகையைப் பார்க்காமலேயே மற்றவர்களைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. மனப்பாடமாக இருக்கிற ஒன்றை யார் உற்றுப் பார்க்கிறார்கள்.

சீட்டு வேண்டும். வேறு கடைக்குப் போகலாம். ஆனால் போட்டிக்கடை நாற்காலியில் தள்ளுபடியார் கடை நம்பரம்மா உட்கார்ந்தாள் என்றால், மறுநாள் காலை அது தெரு முழுக்க விளம்பரப் பலகை இல்லாத விளம்பரமாகிவிடும். தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்ளவும் முடியாது, பலகைதான் மனப்பாடமாயிற்றே. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். தள்ளுபடியார் கடை ஆரம்பித்தபோது அவரேதான் கண் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம், கூட்டம் வடிந்த நேரம், அவள் கவுண்டருக்கு வந்து நின்றாள்.

"முதலாளி, எனக்குக் கண்ணு பாக்கணும்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த பிரேமை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊழியர் தள்ளுபடியெல்லாம் கிடையாதும்மா, முன்னாடியே சொல்லிட்டேன்."

"முழு விலையும் தர்றேன்."

"அப்படின்னா ஏதோ பெரிய கோளாறு" என்று எழுந்தார்.

அந்த உயர நாற்காலியில் அவள் பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. கால் தரையில் படவில்லை. சோதனைக் கண்ணாடி மூக்கில் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. விளக்கு அணைந்தது. தள்ளுபடியார் கடைக்குள்ளிருந்து பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்த பழைய எண் பலகையை எழுத்துப் பலகைக்கு மேல் தொங்கவிட்டார். அவளுக்கு மனப்பாடமாகாத பலகை. நிலைக்கண்ணாடியில் எண்கள் மேகம் மாதிரி நின்றன.

"ஒண்ணாவதா, ரெண்டாவதா?"

அவர் குரல் வேறாக இருந்தது. வெளியே விலை சொல்லுகிற குரல் இல்லை. அவசரம் இல்லாமல், எங்கோ தூரத்து அறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. இந்த வேலைக்கென்றே ஒரு குரல் இருக்கிறது போலும். அதை முதலில் வைத்திருந்தவர் இவர்தான் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ரெண்டாவது."

"இதுவா, இதுவா?"

"ஒண்ணாவது." மூச்சு நீண்டது. தோள் இறங்கியது. எல்லோருக்கும் நடப்பது அவளுக்கும் நடந்தது. "முதலாளி, அன்னிக்குப் பல் வலி இல்லை."

"தெரியும். தைலத்தைத் திறக்கவே இல்லையே நீ. இப்ப இது?"

"ரெண்டாவது. லென்ஸ் கம்பெனியில வேலை குடுக்கிறாங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குச் சொல்லணும்."

லென்ஸ் மாட்டுகிற விரல் ஒரு நொடி நின்றது. பிறகு திருகாணியைத் திருப்பியது.

"சம்பளம் பிடிக்கலையா?"

"அது எப்பவுமே பிடிக்கல. அதில்லை."

"இருட்டு பிடிக்கலையா?"

"இருட்டு பிடிக்கும்." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. "நான் நம்பர் எழுதறேன். அவங்க போயிடறாங்க. எழுதினது சரியா தப்பான்னுகூட எனக்குத் தெரியாது. தப்பா இருந்தா மட்டும் திரும்பி வருவாங்க. பதினேழு வருஷமா நான் பாத்தது பூரா, பார்க்க முடியாத ஆளுங்களைத்தான். ஒருத்தர்கூடப் பாத்து நான் பாத்ததில்லை."

அவர் லென்ஸைத் திருப்பினார்.

"இதுவா, இதுவா?"

அவள் பார்த்தாள். தயங்கினாள். இன்னொரு தடவை திருப்பச் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"சரி" என்றார். ஆனால் விளக்கைப் போடவில்லை. திரையை விலக்கினார். அட்டை ஆடியது. "எழுந்து வா."

"சோதனைக் கண்ணாடி…"

"அட்டையை எழுதினவன் நான்தானே. வா."

மூக்கில் திருகாணிகளோடு அவள் அவர் பின்னால் போனாள். கவுண்டரைத் தாண்டி, கதவைத் தாண்டி, வாசல்படி.

முதலில் மரம். அவளுக்குத் தெரிந்த மரம்தான், பச்சையாக ஒரு பொதி. இப்போது பொதி அவிழ்ந்துபோய்விட்டது. ஒவ்வொரு இலைக்கும் ஒரு விளிம்பு, ஒவ்வொரு விளிம்பிலும் வெயில். எதிர்க்கடைத் தையற்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் பதிலுக்குச் சிரிக்கப்போய் நிறுத்தினாள். அவர் சிரிக்கவில்லை. உதட்டில் வரிசையாகக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, யாரையும் பார்க்காமல், துணியை அளந்துகொண்டிருந்தார். இத்தனை வருடச் சிரிப்பும் குண்டூசிக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தெருமுனையில் கட்டடம். ஆறாவது மாடி ஜன்னல்கள் தனித்தனியாக நின்றன. ஒரு ஜன்னலில் ஒருவன் நின்றுகொண்டே சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னொன்றில் ஒரு பெண் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோசமான இடம் ஒன்றும் இல்லை. நல்ல வெளிச்சம், நல்ல சுவர். தேன் மட்டும் இல்லை. மனிதர்கள் வேலை பார்க்கிற ஒரு கட்டடம், இந்தக் கடையைப் போலவே.

எவ்வளவு நேரம் நின்றாளோ. திரும்பியபோது, தள்ளுபடியார் தெருவைப் பார்க்கவில்லை என்று கண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, எதையும் விற்காத ஒரு முகத்தோடு. பதினேழு வருடத்தில் அவள் பார்க்காத முகம்.

காய்ச்சல் வந்தாலும் கவுண்டரை யாரிடமும் விடாத மனிதர். கணக்கை ஆள் வைத்து எழுதுவார், பூட்டை ஆள் வைத்துத் திறப்பார், தயாரான கண்ணாடியை மட்டும் தன் கையால்தான் மாட்டுவார். கஞ்சத்தனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான்.

"முதலாளி" என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா இதை நீங்க ஒருத்தரே வச்சுக்கிட்டிருந்தீங்களா?"

பிடிபட்டவர் மாதிரி அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"கடையில மிச்சம் எல்லாம் எல்லாருக்கும் போயிடுதும்மா. வாடகைக்கு, பிரேம்காரனுக்கு, வரிக்கு, உனக்கு. இது ஒண்ணுதான் எனக்குன்னு நின்னுச்சு."

"அந்தப் பேருந்துல போன ஆள்?"

"நிஜமாவே போனான். ஆனா அட்டை எழுத அது ஒரு சாக்காப் போச்சு." கொஞ்சம் யோசித்தார். "நீ வாசலுக்கு அனுப்பினப்ப, எனக்கு நாலாம் நாள் பாக்க ஒண்ணும் மிச்சம் இல்லாமப் போச்சு. முதல் தடவை பாக்கிற முகம் ஒண்ணுதானே. அது முன்னாடியே தெருவுக்குப் போயிடுச்சு."

தெரு அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு விளிம்பும் கூர்மையாக.

"பாதி குடுங்க" என்றாள் நம்பரம்மா.

"என்னது?"

"முகத்துல பாதி. ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் எனக்கு. நான் இருட்டுலேர்ந்து நேரா வாசலுக்குக் கூட்டிட்டு வருவேன்."

தள்ளுபடியாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தார். "பாதியா? நாலுல ஒண்ணு. அதுவே உனக்காக மட்டும்."

"அந்த விலையை நான் தினமும் திரைக்குப் பின்னால இருந்து கேக்கிறேன் முதலாளி."

"மூணுல ஒண்ணு. கடைசி விலை."

"இது மொதல் கடைசிதானே. இன்னும் ரெண்டு கடைசி இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, தெருமுனைக் கட்டடத்தைப் பார்த்தார். "அங்க ஒண்ணரை மடங்காமே."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"தெருவுல எனக்குத் தெரியாம யார் சம்பளம் ஏறுது. நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு முகம், உனக்கு மாதிரிக்குத் தர்றேன். துணிக்கடையில துண்டு வெட்டிக் குடுக்கிற மாதிரி. வாங்கிறதும் வாங்காததும் உன் இஷ்டம்." சீட்டை எழுதி அவள் கையில் கொடுத்தார். வளைந்த எழுத்தில் அவள் கண்ணின் நம்பர். "இதை எங்க காட்டணுமோ காட்டிக்கோ."

சீட்டை அவள் பைக்குள் வைத்தாள். அன்று சாயங்காலம் செவிலியிடம் போகலாம் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டாள். காலையில் போகலாம் என்று நினைத்தாள். காலையிலும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர், நகக்கண்ணில் நீலம். மனைவிதான் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை" என்றார் நாற்காலியில் உட்கார்ந்ததும். "இவதான் சொல்றா."

"அடிச்ச சுவரையே திரும்ப அடிக்கிறாருங்க" என்றாள் மனைவி திரையோரத்தில் இருந்து. "கேட்டா ரெண்டு பூச்சுன்னு சொல்லிடறார்."

"ஒண்ணாவதா, ரெண்டாவதா?" என்றாள் நம்பரம்மா.

பத்து நிமிடத்தில் அவர் தோள் இறங்கியது. பதினைந்தாவது நிமிடம், இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவள் திரையை விலக்கினாள். கவுண்டரில் தள்ளுபடியார் எழுந்தார், உட்கார்ந்தார், ஒரு பிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். சுவர்க்கடிகாரத்தில் ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"படி தாண்டக் கூடாது" என்றார் தள்ளுபடியார், தலையைத் தூக்காமல். "எந்தப் பேருந்து வந்தாலும்."

வர்ணக்காரர் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். அவள் பக்கவாட்டில் நின்று அவரைப் பார்த்தாள். பதினேழு வருடம் திரை வழியாகக் கேட்ட மௌனம், இப்போது ஒரு முகமாக நின்றது. புருவம் முதலில் ஏறியது, பிறகு நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. வாய் கொஞ்சம் திறந்துகொண்டது, தூக்கத்தில் திறக்கிற மாதிரி. அவர் மரத்தைப் பார்த்தார், எதிர்க்கடையின் சுவரைத் தொழில்முறையாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு எப்ப நரைச்சுது?"

"ஆறு வருஷமாச்சு" என்றாள் அந்த அம்மா. "நல்ல வேளை, இப்பவாவது கேட்டீங்க." முந்தானை நுனியை இழுத்துக் காதோரத்தை மறைக்கப் பார்த்து, பாதியில் கையை இறக்கிவிட்டாள்.

நம்பரம்மாவின் பையில் கைபேசி அடித்தது. அவள் படியிலேயே நின்று எடுத்தாள்.

கம்பெனிப் பெண்ணின் குரல் இனிமையாக இருந்தது. வேலையை ஏற்கிறீர்களா என்று கேட்டது. இல்லை என்றாள் நம்பரம்மா. ஒண்ணரை மடங்கு என்பது சின்ன விஷயம் இல்லை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க. ஒண்ணு, சம்பளம். ரெண்டு, தூரம். மூணு, குடும்பச் சூழ்நிலை."

"இன்னொரு தடவை படிங்க."

"ஒண்ணு, சம்பளம். ரெண்டு, தூரம்…"

"எதுவும் தெளிவா இல்லைம்மா. வேற இருக்கா?"

"கடைசியா 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு மேடம்."

"அதையே போட்டுக்கோங்க."

வைத்ததும் மறுபடி அடித்தது. தங்கை. அதை அவள் எடுக்கவில்லை. அந்தத் திட்டுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

உள்ளே வர்ணக்காரர் பிரேம் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். தள்ளுபடியார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். எல்லாம் பேசி முடித்து அவர்கள் போன பிறகு, அவளிடம் வந்து நின்றார்.

"மாதிரி எப்படி?"

"துண்டு நல்லாத்தான் இருக்கு. முழுத் துணி வேணும். பாதி."

"அஞ்சுல ரெண்டு. இது கடைசி."

"ரெண்டாவது கடைசி. அவங்ககிட்ட நான் இல்லைன்னு சொல்லிட்டேன் முதலாளி. அது உங்களுக்குத் தெரிஞ்சும் பாதிக்கு ஏத்த மாட்டேங்கிறீங்க."

"தெரிஞ்சதுனாலதான் ஏத்தல. போட்டி இல்லாதப்ப எந்த வியாபாரி ஏத்துவான்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சரி, பாதி. சம்பளத்தைப் பத்தி மாசம் பொறந்ததும் பேசிக்கலாம். ஆனா ஒண்ணு. உன் கண்ணாடி செவ்வாய்க்கிழமை வரும். அதை மாட்டறது நான்தான்."

"நேத்தே பாத்துட்டீங்களே என் முகத்தை."

"நேத்து திருகாணி மறைச்சுது."

அவர் திரையில் இருந்த அட்டையைக் கழற்றினார், பின்புறம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, வேறு எதற்காவது ஆகும் என்று மேசை இழுப்பறையில் போட்டார்.

ஏழு மணிக்கு நம்பரம்மா வாசல்படியில் நின்றாள். சோதனைக் கண்ணாடி உள்ளே பெட்டியில் இருந்தது. தெருவிளக்குகளுக்கு இதழ் முளைத்திருந்தது. தையற்காரர் சிரித்தார்; குண்டூசி என்று தெரிந்தும் அவளும் சிரித்துவைத்தாள். தெருமுனையில் தேன் குவியல் வழிந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு நாள்தான் அது இருக்கும். அவள் அவசரப்படாமல், கையைக் கட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டே நின்றாள்.